தொண்ணூற்றேழாம் நாள்

நூறு நாள் ஒருவருக்கும் அடிபடாமல் இருந்தால் ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டி என்று ஆபீஸ் அறிவித்த நாளிலிருந்து அந்தச் சலவை ஆலையில் ஒருவருக்கும் அடிபடவில்லை. பட்டது. படவில்லை என்று ஆக்கிக்கொண்டார்கள்.

வாசலில், ஆட்கள் அட்டை குத்தும் இடத்துக்கு மேலே ஒரு பச்சைப் பலகை தொங்கியது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுத்து. அதற்கடியில் எண் தகடு மாட்ட மூன்று கொக்கி. தினமும் காலையில் தகட்டை மாற்றி மாட்டுவது மேசை அக்காவின் வேலை. மடிப்பு மேசையில் நிற்கிற பதினாறு பெண்களுக்கும் இவள்தான் தலைவி என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மேல்கோட்டில் ஒரு பேட்ஜைக் குத்தினார்கள். ‘குழுத் தலைவி’ என்று வெள்ளையில் எழுதியிருக்கும். அதோடு சேர்ந்து இன்னும் நாலு வேலை அவள் தலையில் ஏறியது. தகடு மாற்றுவது, சுவரில் காகிதம் ஒட்டுவது, கையுறை கொடுத்து வாங்குவது, யார் வரவில்லை என்று ஆபீசில் போய்ச் சொல்வது.

“சம்பளம் ஏறலையே சார்?” என்று அப்போது கேட்டாள்.

“மரியாதை ஏறியிருக்கேம்மா,” என்று சிரித்தார் பணியாளர் அதிகாரி. அவர் எதற்கும் சிரிப்பார். ஆளை வேலையை விட்டு அனுப்புகிற அன்றைக்கும் அதே சிரிப்புதான். ஆலைக்குள் அவருக்குப் பல்லழகர் என்று பெயர்.

மேசை அக்காவின் கூடப்பிறந்த தம்பியும் அங்கேதான் வேலை செய்தான். சலவை டிரம்மிலிருந்து ஈரத்துணி இழுக்கிற வேலை. ஆஸ்பத்திரி விரிப்பும் ஹோட்டல் விரிப்பும் டிரம்முக்குள் சுற்றிச் சுற்றி வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். முனையைத் தேடிப் பிடித்து, ஒரு காலை டிரம்மின் அடியில் முட்டுக் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். இரண்டு பேர் இழுக்க வேண்டியதை அவன் ஒருத்தனே இழுத்துவிடுவான். அதனால் அவனுக்கு யானை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை. அந்தப் பெருமையில் ஆபீசுக்கு ஓர் ஆள் மிச்சம்.

நாள் தள்ளுவது என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் எண் எண்பதைத் தாண்டிவிட்டால் அப்புறம் யாருக்கும் அடிபடக் கூடாது. பட்டால், பரிசு வாங்கியதற்கு மறுநாள் பட்டதாக வைத்துக்கொள்வது. போன தடவை சுடுதண்ணீர் பிளாஸ்க் கொடுத்தார்கள். அப்போது தேய்க்கிற சூட்டு உருளையில் விரிப்பு விடுகிற பெண்ணுக்கு எண்பத்தெட்டாம் நாள் இரண்டு விரல் வெந்துபோயிற்று. பன்னிரண்டு நாள் அவள் கையுறைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். பிளாஸ்க்கை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் காலை எட்டரை மணிக்கு உருளைப் பக்கத்தில் நின்று ஓர் அலறல் அலறினாள் பாருங்கள், ஆபீஸ் மாடி வரைக்கும் கேட்டது. மெய்யாகவே வெந்தபோது அவள் ‘ஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எழுதிக்கொண்டார்கள், இழப்பீடும் வந்தது. அதிலிருந்து அவளுக்குச் சூட்டுக்காரி என்று பெயர்.

பல்லழகருக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் நினைக்கவில்லை. பழைய சட்டத்தில், அடிபட்டால் முப்பது நாளுக்குள் சொன்னால் போதும். முப்பது நாளில் எந்தக் காயத்தையும் எந்தப் பக்கமும் நகர்த்தலாம். பலகையும் கெடாது, அடிபட்டவர் வயிறும் காயாது. ஆளுக்கு ஆள் செய்கிற உதவி என்றுதான் அதை அவர்கள் நினைத்திருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் சட்டமன்றம் கூடி தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியது. காலையில் மசோதா வைத்தார்கள். சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். வந்து உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள், முடிந்தது. பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. ஆலையில் அந்தப் பத்திரிகை வந்து சேர்ந்தது பொட்டலம் கட்டத்தான். சங்கத்தில் இதையெல்லாம் படித்துச் சொல்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணில் புரை அறுத்துக்கொண்டு ஒரு மாதமாக வீட்டில் கிடந்தார்.

ஒரு நாள் பல்லழகர் மேசை அக்காவைக் கூப்பிட்டு இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்றில் இஸ்திரிப் பெட்டியின் படம், கலரில், நீலக் கைப்பிடியோடு. இன்னொன்றில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, மேலிருந்து கீழ் வரைக்கும்.

“இது என்ன சார்?”

“அது ஏதோ அரசாங்க நோட்டீஸ்ம்மா. ஒட்டணும்னு ரூல். அதை ஒட்டிடுங்க. படம் போட்டதைப் படிச்சுக் காட்டுங்க, அதுதான் எல்லாருக்கும் வேணும்.”

அவள் மைதாப் பசை காய்ச்சி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். மடிப்பு மேசைக்காரி ஆகையால் மூலை பிசகாமல், சுருக்கம் விழாமல், உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள். இஸ்திரிப் பெட்டிக் காகிதத்தை உரக்கப் படித்தாள்.

“நாள் பூரா அடுத்தவன் துணிய மடிக்கிறது பத்தாதுன்னு, வீட்டுக்குப் போயி வேற தேய்க்கணுமா?” என்றாள் சூட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பெட்டி யாருக்கும் வேண்டாமல் இல்லை.

பக்கத்துக் காகிதத்தில் இருந்தது இதுதான்: இனிமேல் அடிபட்டால் ஒரே நாளுக்குள் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னாலும் போதும். ரத்தம் வராத, வெளியே தெரியாத முதுகு, மூட்டு, தசை வலியை ஒரு நாளுக்குள் சொல்லாவிட்டால் அது வேலையால் வந்ததல்ல, வயதால் வந்த தேய்மானம் என்று கொள்ளப்படும். அதை ஒட்டியவளும் படிக்கவில்லை. நாலு நாளில் நீராவி ஏறி எழுத்து மங்கிப் போயிற்று. படம் மட்டும் பளபளப்புக் காகிதம், அப்படியே இருந்தது.

தொண்ணூற்றேழாம் நாள் வெள்ளிக்கிழமை. இரண்டாம் டிரம்மின் தண்ணீர் போகிற வால்வு ஒரு வாரமாக அடைத்திருந்தது. பழுதுச் சீட்டில் இரண்டு தடவை எழுதியும் மெக்கானிக் எட்டிப் பார்க்கவில்லை. டிரம் நின்றபோது பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றது. யானை முனையைப் பிடித்து இழுத்தான். துணி அசையவில்லை. மறுபடி கால் கொடுத்து, உடம்பைத் திருப்பி, ஒரே இழுப்பு. துணி மொத்தமும் சரிந்து வந்தது. அவன் கூடவே மடங்கி டிரம்மின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கத்தவில்லை. அவன் கத்தாததுதான் மேசை அக்காவை ஓட வைத்தது. கையில் பாதி மடித்த விரிப்போடு ஓடினாள்.

“என்னடா?”

“இடுப்புல ஏதோ விட்டுப்போச்சுக்கா. இந்தக் கால் என் கால் மாதிரியே இல்ல.”

அவன் முகத்தில் வேர்வை துளித் துளியாக நின்றது. காலையில் அவள் மாட்டிய தகடு அவளுக்கு நினைவு வந்தது. ஒன்பது, ஏழு. ஏழின் ஓரம் சற்று வளைந்திருந்ததை நிமிர்த்தி மாட்டியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மேசையில் பதினாறு பேரும் கையை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருளைப் பக்கமிருந்து சூட்டுக்காரி மட்டும் கையுறை மாட்டிய கையில் மூன்று விரலை நிமிர்த்திக் காட்டினாள்.

“மூணு நாள்தான்டா. தாங்குவியா?”

“யானையாச்சே,” என்றான் அவன்.

“பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. செவ்வாக்கிழமை காலையில விழுந்துக்கலாம்.”

இதைச் சொன்னது அவள்தான். வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு விரிப்பை நீளவாக்கில் நாலாக மடித்து அவன் இடுப்பில் இறுக்கிச் சுற்றி, முனையைச் செருகிவிட்டாள். அவன் இழுக்க வேண்டியதை மற்ற ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவனைத் தலையணை உறை பிரிக்கிற மூலையில், மூட்டை மேல் சாய்த்து நிற்க வைத்தார்கள். சனிக்கிழமை அப்படிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடியது, கழிவறைக்குப் போகவும் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். அந்த மூன்று நாளும் அவனுக்குச் செய்தது போல யாரும் யாருக்கும் செய்திருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை மூன்று கொக்கியிலும் தகடு ஏறியது. மதியம் வாசலில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பெட்டி கொடுத்தார்கள். படம் பிடிக்க வந்தவன், “எல்லாரும் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க, அப்பதான் களையா இருக்கும்,” என்றான். தூக்கினார்கள். பின்வரிசையில் யானையும் தூக்கினான். வலி பொறுக்க உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தான். படத்தில் அது சிரிப்பு மாதிரி விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் விழ வேண்டிய நாள். விழுவதற்கு ஆலைக்குப் போக வேண்டுமே. விடிந்து கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தபோது இடது கால் மட்டும் அவனோடு வரவில்லை. பக்கத்து வீட்டு வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பின் நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். முதல் அறுவைக்கு அவன் மனைவியின் கழுத்திலும் காதிலும் இருந்தது போயிற்று. ஆறு மாதத்துக்குள் இன்னொரு அறுவை செய்தால் கால் திரும்பும், செய்யாவிட்டால் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான் என்று அவர் சொன்னார். அந்த இரண்டாவது அறுவைக்கு இழப்பீட்டை விட்டால் வேறு வழி இல்லை.

இழப்பீடு கேட்டு எழுதியதற்கு மூன்று வரியில் பதில் வந்தது. ஒரு நாளுக்குள் மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்கவில்லை. எனவே இது வேலையால் வந்த காயமல்ல. வயதால் வந்த தேய்மானம்.

“எனக்கு முப்பத்திநாலு வயசு,” என்றான் படுத்திருந்தபடி. “முப்பத்திநாலு வயசுல தேய நான் என்ன செருப்பாக்கா?”

அவன் மனைவி மூலையில் துணியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட அவள், ‘நீங்கதானே அண்ணி தாங்கச் சொன்னீங்க’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் மேசை அக்கா முதல் வேலையாகச் சுவரில் இருந்த அந்த இன்னொரு காகிதத்தின் முன் நின்றாள். மங்கின எழுத்தில் விரலை வைத்து வரி வரியாக, தாண்டாமல் படித்தாள். அவள் ஒட்டிய ஒட்டு அப்படி, ஒரு மூலைகூடப் பெயரவில்லை.

டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தாள். ஜெயித்தால் கூலி வாங்குகிறவள். ரப்பர் நாற்றம் அடிக்கும் அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி. யானையால் உட்கார முடியாது என்பதால் அது போதுமானதாக இருந்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்றான், மேசை அக்கா உட்கார்ந்தாள்.

“அன்னிக்கே யார்கிட்டயாவது சொன்னாரா? எழுத்துல வேணாம், வாயால?”

“எங்கிட்டதான் சொன்னான்.”

“நீங்க யாரு அங்க?”

அவள் பையிலிருந்து பேட்ஜை எடுத்து மேசையில் வைத்தாள். வக்கீலம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மேற்பார்வையாளர்னா யாருன்னு இந்தத் திருத்தத்துல எங்கயும் சொல்லல. விதி பின்னாடி வரும்னு விட்டுட்டாங்க, இன்னும் வரல. பதினாறு பேருக்குத் தலைவின்னு ஆபீசே பேட்ஜ் குடுத்திருக்கு. வராதவங்க யாருன்னு நீங்கதான் ஆபீஸுக்குச் சொல்றீங்க. அப்புறம் நீங்க மேற்பார்வையாளர் இல்லாம யாரு? உங்ககிட்ட சொன்னது கம்பெனிகிட்ட சொன்ன மாதிரி. கேஸ் நிக்கும்.”

“நின்னா சரி.”

“ஆனா கேட்டுட்டு ஏன் எழுதலன்னு உங்களைக் கேப்பாங்க. மறைச்சீங்கன்னு வேலைய விட்டுத் தூக்குவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

மேசை அக்கா யோசித்தாள். இருபத்திரண்டு வருஷ வேலை. கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. யானை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“அக்கா, நீ இதுல இறங்காத. போற கால் ஒண்ணுதானே. இன்னொண்ணு இருக்கு.”

“வாயை மூடுடா,” என்றாள் அவள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பல்லழகர் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை.

“தம்பி எப்படி இருக்கார்?”

“படுத்திருக்கான் சார்.”

“பாவம். நல்ல உழைப்பாளி.” சிரித்தார். “சாட்சி சொல்லப் போறீங்களாமே. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலம்மா. அன்னிக்கு அவர் உங்களை அக்கான்னு கூப்பிட்டுத்தானே சொன்னார்? தலைவின்னு கூப்பிடலையே? வீட்டு விஷயமா ஏதோ சொன்னார், கவனிக்கலன்னு சொல்லிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. நீங்க மேசையிலயே இருக்கலாம். இல்லன்னா, தலைவியா இருந்துக்கிட்டு விபத்தை மறைச்சீங்கன்னு ஆகும். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.”

“வால்வு ரிப்பேர் ஆயிடுச்சா சார்?”

“எந்த வால்வு?”

“ரெண்டாம் டிரம்மு. இப்ப அதுல ரெண்டு பேரைப் போட்டிருக்கீங்க. அவங்களும் தண்ணியோடதான் இழுக்கிறாங்க.”

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மேசைமேல் இருந்த காகிதத்துக்கு இறங்கிப் போயிற்று. “யோசிச்சுக்குங்கம்மா,” என்றார்.

விசாரணை அறை ஒரு பழைய கட்டடத்தின் கடைசியில் இருந்தது. மின்விசிறி சுற்றச் சுற்ற மேசைமேல் காகிதங்கள் எழும்ப, இழப்பீட்டு விசாரணை அதிகாரி ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. யானையால் உட்கார முடியாது என்று தெரிந்ததும் சாய்ந்துகொள்ள ஜன்னலோரம் காட்டினார். தட்டச்சு செய்கிற பெண் ஒருத்தி. ஆலை சார்பில் ஒரு வக்கீல், கனத்த பையோடு. அவர் பக்கத்தில் பல்லழகர்.

மேசை அக்கா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டிரம், வால்வு, அவன் விளிம்பைக் கட்டிப் பிடித்தது. நாள் தள்ளும் பழக்கத்தையும் சொன்னாள். யார் பெயரையும் இழுக்கவில்லை.

“அவர் வலின்னு சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“செவ்வாக்கிழமை காலையில விழுந்துக்கலாம்னு சொன்னேன்.”

தட்டச்சு சத்தம் நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இதை அப்படியே அடிக்கணுமா சார்?” என்று கேட்டாள்.

“அப்படியே அடிம்மா.”

ஆலை வக்கீல் பையிலிருந்து முதலில் அந்தக் குழுப் படத்தை எடுத்து வைத்தார். “பின்வரிசையில மூணாவது ஆள். முதுகு போன மூணாம் நாள். இஸ்திரிப் பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிட்டுச் சிரிச்சிட்டிருக்கார்.” பிறகு அவளிடம் திரும்பினார். “ஒரு நாளுக்குள்ள சொல்லணும்ங்கிற நோட்டீஸ் சுவத்துல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

“நல்லா ஒட்டினீங்களா? கிழியாம, மறையாம?”

“நல்லாத்தான் ஒட்டினேன்.” சொல்லும்போது தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

நம் வக்கீலம்மா எழுந்து பேட்ஜை மேசைமேல் வைத்தாள். தலைவியிடம் சொன்னது கம்பெனியிடம் சொன்னதுதான் என்று அழுத்தமாக, நன்றாகப் பேசினாள். அதிகாரி பேட்ஜைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். மேசை அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜன்னலோரம் தம்பியைப் பார்த்தாள். அவன் காலை மாற்றி ஊன்றி நின்றான். வேலை போனால் போகட்டும், இது நின்றுவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

ஆலை வக்கீல் அவசரப்படவில்லை. பையிலிருந்து அரசிதழ் ஒன்றை எடுத்தார். மசி வாசனைகூட அதிலிருந்து போகவில்லை. “விதிகள் போன வாரம் வந்துடுச்சு. மேற்பார்வையாளர்னா, நிர்வாகம் எழுத்து மூலமா தொழிலாளர் துறைக்கு யார் பேரைக் குடுத்திருக்கோ அவங்க மட்டும். எங்க ஆலையில அப்படி மூணு பேர். மேலாளர், ஷிப்ட் அதிகாரி, இதோ இவர்.” பல்லழகர் லேசாகத் தலை குனிந்து வணக்கம் போட்டார். “பேட்ஜ் மாட்டினவங்க எல்லாம் மேற்பார்வையாளர் இல்ல. அது சும்மா ஒரு ஊக்கத்துக்குக் குடுக்கிறது.”

“அடிபட்டது நாலு மாசம் முன்னாடி, விதி வந்தது போன வாரம்,” என்று வக்கீலம்மா குரலை உயர்த்தினாள்.

அதிகாரி அரசிதழை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “இதுல ‘விளக்கம்’னு போட்டிருக்காங்கம்மா. விளக்கம்னா சட்டம் வந்த நாள்லேர்ந்து செல்லும். என் கையில ஒண்ணும் இல்ல.” யானை நின்ற பக்கம் அவர் பார்க்கவில்லை. “அறிவிப்பு கொடுக்கப்படவில்லைன்னு போட்டுக்க,” என்று தட்டச்சுப் பெண்ணிடம் சொன்னார். அவள் அடித்தாள். ஒரு வரிதான்.

வெளியே நடையில் பல்லழகர் காத்திருந்தார். ஒரு கவரை நீட்டினார். கவர் ஒட்டியிருந்தது, மேலே அவள் விலாசம் தட்டச்சில் அடித்திருந்தது. உள்ளே நடந்தது முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“எனக்கே சங்கடமா இருக்கும்மா,” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வக்கீலம்மா வாங்கிப் பிரித்து உரக்கப் படித்தாள். மேற்பார்வைப் பொறுப்பில் இருந்துகொண்டே விபத்தைத் தெரிந்தும் மறைத்த குற்றத்துக்காக இன்று முதல் வேலைநீக்கம். வாசித்துவிட்டு அவள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். “சார், பாருங்க, அவங்களே எழுதியிருக்காங்க, மேற்பார்வைப் பொறுப்புன்னு அவங்களே,” என்று அவள் சொல்வது வெளியே கேட்டது. அதிகாரியின் குரல் தணிந்து கேட்டது. அது வேறு சட்டம், வேறு துறை. மேல்முறையீட்டில் காட்டுங்கள்.

திரும்பி வந்தவள் மூச்சு வாங்க, “மேல போகலாம், இது வலுவான ஆதாரம்,” என்றாள்.

“மேல போனா எவ்வளவு நாளாகும்மா?”

“ரெண்டு வருஷம். கூடவும் ஆகலாம்.”

“டாக்டர் சொன்ன ஆறு மாசத்துல நாலு போயிடுச்சு,” என்றாள் மேசை அக்கா. வக்கீலம்மா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது. மேசை அக்கா அதை வாங்கி மடித்துக் கொடுத்தாள்.

பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். “இருக்கட்டுங்க, நான் நிக்கிற ஆளு,” என்றான் யானை. அக்காதான் உட்கார்ந்தாள். வழியில் ஆலை வாசல் வந்தது. பச்சைப் பலகையில் இருநூற்றுப் பதினெட்டு. அவன் விபத்து விபத்தே இல்லை என்று ஆகிவிட்டதால் எண் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு கோணலாகத் தொங்கியது. இன்று வேறு யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

“அடுத்த பரிசு என்னவாம்?” என்று கேட்டான்.

“குக்கர்னு பேச்சு.”

“தெரிஞ்சிருந்தா நூறு நாள் கூடத் தாங்கியிருப்பேனே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை.

வீட்டில் அவன் மனைவி கதவைத் திறந்து இரண்டு முகத்தையும் பார்த்தாள். அவனைக் கைத்தாங்கலாகக் குப்புறப் படுக்க வைத்து, சட்டையை மேலே சுருட்டினாள். முதல் அறுவையின் தழும்பு முதுகெலும்பின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது.

“கூழைக் கிண்டிட்டு வந்துடறேன். அண்ணி, நீங்க அதைச் சூடு பண்ணிக் குடுங்க,” என்று ஒரு பழைய துணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சொன்ன குரலில் கோபம் இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

நீலக் கைப்பிடி போட்ட இஸ்திரிப் பெட்டி தரையிலேயே இருந்தது. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அதில் ஒரு சட்டை தேய்த்ததில்லை, ஒத்தடத் துணியைத்தான் காய்ச்சியிருக்கிறார்கள். மேசை அக்கா தரையில் உட்கார்ந்து துணியை விரித்தாள். கை தன் பாட்டுக்கு மூலையோடு மூலை சேர்த்து நாலாக மடித்து, சுருக்கம் போக நீவியது. பெட்டி சூடேறும்வரை காத்திருந்து, வைத்து அழுத்தினாள். துணியைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அவன் இடுப்பில் போட்டாள்.

“சுடுதாடா?”

“இல்லக்கா,” என்றான் அவன், தலையணையில் முகம் புதைந்தபடி. “இன்னும் கொஞ்சம் கீழ.”